வேகம் இருந்தும் தோற்பது ஏன்? ஃப்ரீஸ்டைல் ஸ்பிரிண்ட் வீரர்கள் செய்யும் தவறுகள்

சர்வதேச அளவில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல் இறுதிப் போட்டி, ஆண்களுக்கு 21 வினாடியிலும் பெண்களுக்கு 24 வினாடியிலும் முடிந்துவிடும். அதற்காகப் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கிறார்கள். அந்த உழைப்பை எதில் போடுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

முக்கியமான தவறு, கிலோமீட்டர் கணக்கு. நீந்த நீந்த வேகம் வரும் என்ற நம்பிக்கை லேசில் போவதில்லை. ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கவாய் 2016 ஏப்ரலில் 100 மீட்டரை 47.04 வினாடியில் நீந்தியவர். நான்கு மாதம் கழித்து ரியோ ஒலிம்பிக் இறுதியில் அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். டோக்கியோவிலும் தனிநபர் பதக்கம் இல்லை. அதன்பின் கொஞ்சகாலம் குளத்துப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது நீந்தும் தூரத்தைப் பெருமளவு குறைத்து, உடல்வலுப் பயிற்சி, பாறையேற்றம், முழுவேகக் குறுந்தூரம் என்று எல்லாவற்றையும் மாற்றினார். 2023 ஃபுகுவோகா உலகப் போட்டியில் 21.06, தங்கம். 2024 பாரிஸில் 21.25, ஒலிம்பிக் தங்கம். அப்போது அவருக்கு வயது 30.

இதைப் படித்துவிட்டு பதினான்கு வயதுப் பிள்ளையின் பயிற்சித் தூரத்தை வெட்டிவிடாதீர்கள். மெக்கவாய்க்குப் பல வருட அடித்தளம் ஏற்கெனவே இருந்தது.

ஓய்வைச் சோம்பலாகப் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ரியோவில் 100 மீட்டர் தங்கம் வென்ற அமெரிக்காவின் சிமோன் மானுவலுக்கு 2021-இல் அதீதப் பயிற்சியால் உடல் ஒத்துழைக்கவில்லை. தூக்கம் போனது, குளத்துப் படி ஏறவே மூச்சு வாங்கியது. மருத்துவர்கள் சொல்லி நீச்சலையே சில வாரம் நிறுத்த வேண்டியிருந்தது. நாட்டின் தகுதிப் போட்டியில் 100 மீட்டர் இறுதிக்குள்கூட நுழைய முடியவில்லை. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். பல நாள் தொடர்ந்து கூடினால் பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

100 மீட்டரில் முதல் பாதியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது அடுத்த தவறு. ரியோவுக்கு ஒரு மாதம் முன்பு 52.06 என்று பெண்கள் 100 மீட்டரில் உலக சாதனை படைத்த ஆஸ்திரேலியாவின் கேட் காம்ப்பெல், ரியோ இறுதிப் போட்டியில் 50 மீட்டர் வரை முன்னால் இருந்து, ஆறாவதாக முடித்தார்.

சுவரைத் தொடும் இடத்தில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நம் வீர்தவல் காடே 50 மீட்டரில் வெண்கலத்தை இழந்தது 0.01 வினாடியில். அந்த இடைவெளியில் எதுவும் நடக்கலாம். கடைசி ஐந்து மீட்டரில் மூச்செடுக்கத் தலையைத் திருப்பினால் போச்சு. சுவர் எங்கே என்று தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். ஸ்ட்ரோக் (கைவீச்சு) கணக்குத் தப்பினால் கையை நீட்டியபடி சறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். முகம் தண்ணீருக்குள், தோள் முழுவதும் நீண்டு, விரல் நுனி டச் பேடில் (சுவரில் நேரத்தைப் பதியும் தகட்டில்) பட வேண்டும். இதைத் தினமும் களைத்துப்போன பிறகு பழக வேண்டும்.

சத்து மாத்திரை விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. 50 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியன் பிரேசிலின் சீசர் சியேலோவின் சிறுநீர் மாதிரியில் 2011-இல் தடைசெய்யப்பட்ட ஃபுரோசமைட் மருந்து சிக்கியது. காஃபின் மாத்திரையில் கலந்துவிட்டது என்பதை விளையாட்டு நடுவர் மன்றம் ஏற்றதால் எச்சரிக்கையோடு தப்பினார். எல்லோருக்கும் அப்படி அமையாது.

இருபத்திரண்டு வயதில் நேரம் குறையவில்லையே என்று மூட்டை கட்டுவதைப் பார்த்தால்தான் மனசு கேட்பதில்லை. 2000 சிட்னியில் தங்கம் வென்ற அந்தோணி எர்வின் அந்த வயதில் ஒதுங்கிப்போனவர்தான். பல வருடம் கழித்துத் திரும்பி, 35 வயதில் ரியோவில் 21.40 நீந்தி மறுபடி தங்கம் வாங்கினார். அமெரிக்காவின் டாரா டோரஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றபோது அவருக்கு 41.