மசேநி உயர்வு: சிறு நிறுவனங்கள் அடுத்த ஆண்டுச் செலவை இப்போதே கணக்கிடுவது எப்படி

எங்கள் நிறுவனத்தில் சம்பளக் கணக்கு என் பொறுப்பு. சிங்கப்பூரில் ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு முதலாளியும் ஊழியரும் மாதாமாதம் பங்கு செலுத்துவது மத்திய சேமநிதி (மசேநி). சில ஆண்டுகளாக ஜனவரி பிறந்தாலே அதற்கான செலவு ஏறுகிறது. பல சிறு முதலாளிகள் மொத்தச் சம்பளத்தின் மேல் ஏதோ ஒரு விழுக்காட்டைக் கூட்டிவிட்டு, பட்ஜெட் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு உதவாது. உயர்வு எல்லா ஊழியருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. ஆளுக்கு ஆள் கணக்கிட்டால் பெரும்பகுதியை ஓராண்டு முன்பே அறிந்துகொள்ளலாம். நான் பின்பற்றும் முறை இதுதான்.

படி 1: ஒரு விரிதாள், ஊழியருக்கு ஒரு வரிசை

பெயர், பிறந்த மாதமும் ஆண்டும், குடிமகனா நிரந்தரவாசியா, மாதச் சம்பளம், போனஸ் கொடுக்கும் மாதம். இவ்வளவு போதும். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு மசேநி கிடையாது, அவர்களைச் சேர்க்க வேண்டாம். சம்பள மென்பொருள் இந்த மாதத்தைக் கணக்கிடுவதற்கு நல்லது. அடுத்த ஆண்டைத் திட்டமிட எனக்கு விரிதாள்தான் வசதி, ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 2: வயதுக் கட்டங்கள்

2026 ஜனவரி முதல் முதலாளி செலுத்தும் பங்கு: 55 வயது வரை 17 விழுக்காடு, 55க்கு மேல் 60 வரை 16, 60க்கு மேல் 65 வரை 12.5. முந்தைய ஆண்டில் கடைசி இரண்டும் 15.5, 12 என்று இருந்தன. இந்த இரு மூத்த வயதுக் கட்டங்களுக்கும் முதலாளி, ஊழியர் பங்குகள் சேர்ந்த மொத்த விகிதத்தை 2030 வாக்கில் முறையே 37, 26 விழுக்காட்டுக்குக் கொண்டுசெல்வது நீண்டகால இலக்கு. இப்போது அது 34, 25. எனவே இன்னும் ஏறும் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

புதிய வயதுக் கட்டம் பிறந்தநாளன்று தொடங்குவதில்லை, அடுத்த மாதத்தின் முதல் நாளில்தான் தொடங்குகிறது. மே மாதம் 55 நிறைகிறவருக்கு ஜூன் சம்பளத்திலிருந்து 16 விழுக்காடு. 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் உங்கள் பங்கு 510இலிருந்து 480 வெள்ளியாகக் குறையும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மசேநி ஏறுகிறது என்று மூத்தவர்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 3,000 வெள்ளி வாங்கும் 57 வயதுக்காரருக்கு 2026இல் கூடிய செலவு மாதம் 15 வெள்ளி. அதிலும் பாதியை அரசாங்கம் ஈட்டுத்தொகையாகத் தருகிறது, விண்ணப்பிக்கவே தேவையில்லை. நாற்பது வயதுக்காரருக்கு நீங்கள் கட்டுவதைவிட அவருக்குக் கட்டுவது இன்னமும் குறைவு. அனுபவமுள்ள ஒருவரைத் தவிர்க்க இது ஒரு காரணமே அல்ல.

ஈட்டுத்தொகை பின்னர்தான் கைக்கு வரும் என்பதால் மாதச் செலவில் அதைக் கழிக்காதீர்கள்.

படி 3: சம்பள உச்சவரம்பும் போனஸும்

நான் அதிக நேரம் செலவிட்டது இந்தப் படியில்தான். நிதானமாகப் படியுங்கள்.

மசேநி கணக்கிடப்படும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2023 செப்டம்பருக்கு முன் 6,000 வெள்ளி. படிப்படியாக 6,300, 6,800, 7,400 என ஏறி 2026 ஜனவரியில் 8,000 ஆனது. 8,000 வெள்ளி வாங்கும் 55 வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி பங்கு மாதம் 1,258இலிருந்து 1,360 ஆகிறது. மாதம் 102 வெள்ளி, ஆண்டுக்கு 1,224 வெள்ளி அதிகம் என்று தோன்றும்.

ஆனால் மாதச் சம்பளமும் போனஸும் சேர்த்து ஓராண்டில் மசேநி கணக்கிடப்படும் தொகையின் உச்சவரம்பு 102,000 வெள்ளி அப்படியே இருக்கிறது. போனஸுக்கான வரம்பு என்பது 102,000இலிருந்து அந்த ஆண்டில் மசேநிக்கு உட்பட்ட மாதச் சம்பளங்களைக் கழித்த மீதி. 2025இல் அந்த மீதி 13,200. இப்போது 6,000 மட்டுமே. ஒரு மாதப் போனஸாக 8,000 வெள்ளி கொடுத்தால் மசேநிக்கு உட்பட்ட மொத்தத் தொகை 96,800இலிருந்து 102,000 ஆகிறது. உண்மையான கூடுதல் செலவு 884 வெள்ளிதான். இரண்டு மாதப் போனஸ் கொடுப்பவருக்கு ஆண்டுச் செலவு கூடுவதே இல்லை, போனஸ் மாதத்தில் கட்டியதில் ஒரு பகுதி மாதாமாதம் பிரிந்து போகிறது. இருந்தாலும் கைப்பணம் முன்கூட்டியே வெளியேறும்.

போனஸ் எந்த மாதம் கொடுக்கப்படுகிறதோ அந்த மாதத்தின் விகிதம்தான் அதற்கு. 2025ஆம் ஆண்டுக்கான போனஸை 2026 ஜனவரியில் கொடுத்தால் அது 2026 கணக்கு.

படி 4: பணத்தை ஒதுக்குவது

இதற்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சம்பளம் போகும் அதே நாளில் முதலாளி, ஊழியர் இரு பங்குகளையும் அதற்கு மாற்றிவிடுங்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு என்று அந்தப் பணத்தைச் சரக்கு வாங்கப் பயன்படுத்துவது கெட்ட பழக்கம். அதில் ஊழியரின் சொந்தப் பணமும் இருக்கிறது. தாமதித்தால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. ஏறும் முதலாளி பங்கை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது.

கட்டுவதற்கு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் கழியும் ஜைரோ முறையையே பரிந்துரைப்பேன். ஜனவரியில் மட்டும், மென்பொருள் காட்டும் தொகையைச் சேமநிதிக் கழகத்தின் இணையக் கணிப்பானில் ஓரிரு ஊழியருக்காவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்த ஒருவர், ஆண்டு நடுவில் ஊழியர் விலகினால் என்ன ஆகும் என்று கேட்டார். மறுபடி கணக்கிட வேண்டும். 8,000 வெள்ளி சம்பளக்காரருக்கு ஜனவரியில் 10,000 வெள்ளி போனஸ் கொடுத்து, அதில் 6,000க்கு மட்டும் மசேநி கட்டியிருக்கிறீர்கள். அவர் ஜூன் இறுதியில் விலகுகிறார். மாதச் சம்பளங்கள் 48,000தான், போனஸ் வரம்பு 54,000 ஆகிவிடுகிறது. விடுபட்ட 4,000க்கும் கட்டியாக வேண்டும், உங்கள் பங்கு மட்டும் 680 வெள்ளி. மாறாக, அதிகமாகக் கட்டியிருந்தால் ஓராண்டுக்குள் திருப்பிக் கேட்கலாம்.

இன்னொருவர் நிரந்தரவாசிகளைப் பற்றி நினைவூட்டினார். 55 வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி பங்கு, நிரந்தரவாசியான முதல் ஆண்டு 4 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 9, மூன்றாம் ஆண்டு 17. 4,000 வெள்ளி சம்பளத்தில் 160, 360, 680 வெள்ளி. முழு விகிதத்துக்கு முன்பே இரு தரப்பும் விண்ணப்பித்திருந்தால் இந்த ஏற்றம் இராது. மற்றவர்களுக்கு, நிரந்தரவாசத் தகுதி கிடைத்த தேதியையும் விரிதாளில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.