லைப்ரரி இல்லை என்று லினக்ஸ் சொன்னால் அவசரப்படாதீர்கள்

போன ஞாயிறு பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தார். உபுண்டு 22.04 என்ற லினக்ஸைப் புதிதாகப் போட்டதிலிருந்து கோயில் ரசீது அடிக்கும் பழைய மென்பொருள் திறக்கவில்லை. லிப்எஸ்எஸ்எல் 1.1 என்ற லைப்ரரி (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு) கிடைக்கவில்லை என்று ஒரு வரி மட்டும் வருகிறது. "அண்ணே, பதிப்பு 3 இருக்குதே என்று, அதையே சுட்டிக்காட்டும் ஒரு லிங்கை 1.1 பெயரில் போட்டேன். இப்போ வேற பிழை வருது" என்றார்.

பலரும் செய்யும் தவறு இதுதான். கோப்புப் பெயரில் உள்ள அந்த எண்ணைச் சும்மா போடுவதில்லை. பழைய மென்பொருள் புதிய லைப்ரரியோடு ஒத்துப்போகாது என்னும்போதுதான் அதை மாற்றுவார்கள். லிப்எஸ்எஸ்எல் என்பது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு மென்பொருளின் லைப்ரரி; அதற்குள் பதிப்புக் குறி இருப்பதால் லினக்ஸ் சரிபார்த்து உடனே மறுத்துவிட்டது. அது நல்லதாகப் போயிற்று. அப்படிக் குறி இல்லாத லைப்ரரி என்றால் மென்பொருள் திறந்துவிடும், அப்புறம் பாதி வேலையில் நின்றுபோகும் அல்லது கணக்கையே கெடுத்துவிடும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை லைப்ரரி. "ஜிலிப்சி 2.38 இல்லை" என்று வந்தால், எங்கிருந்தோ இறக்கிய ஜிலிப்சியை எடுத்து ஏற்கெனவே இருப்பதன்மேல் போடாதீர்கள். 22.04இல் இருப்பது 2.35. ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அது கெட்டால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட ஓடாது, லைவ் யுஎஸ்பி (யுஎஸ்பியிலிருந்தே இயங்கும் லினக்ஸ்) போட்டுத்தான் மீட்க வேண்டிவரும். உங்கள் பதிப்புக்கென்று கட்டிய மென்பொருளைத் தேடுங்கள்.

முதலில், ஒரு மென்பொருளுக்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டி எந்தெந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று பாருங்கள். நம்பிக்கையில்லாத கோப்பு என்றால் அதையும் ஓட்டாதீர்கள். சில நேரம் அந்தக் கோப்பே இயங்கிவிடும். அதற்கு, கோப்பை இயக்காமலே உள்ளே பார்க்கும் ஆப்ஜ்டம்ப் கட்டளை போதும்.

லைப்ரரியை நீங்களே மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து யுஎஸ்ஆர் லோக்கல் என்ற கோப்புறையில் வைத்திருந்தால், லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஒருமுறை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியை, பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைப்பது வேண்டாம். இன்னொரு மென்பொருள் தவறான லைப்ரரியை எடுத்துக்கொள்ளும். காரணம் தேடி நாள்கணக்கில் அலைவீர்கள்.

தம்பியின் கணினியில் அந்த லிங்கை நீக்கிவிட்டு, 1.1 உள்ள உபுண்டு 20.04 கன்டெய்னர் (கணினிக்குள்ளேயே தனியாக ஒதுக்கிய சூழல்) ஒன்றில் மென்பொருளை ஓட்டினோம். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதால், அந்தக் கன்டெய்னருக்கு இணையத் தொடர்பு கொடுக்கவில்லை. புதிய பதிப்பு கேட்டு, மென்பொருள் செய்தவருக்குத் தம்பி அன்றே எழுதினார்.