கழுத்தில் நெறி கட்டினால் செய்யக்கூடாத தவறுகள்

குளிக்கும்போது கை கழுத்தில் பட்டது, கடலை அளவில் ஏதோ உருண்டது, அவ்வளவுதான், அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. இணையத்தில் தேடினால் மூன்றாவது வரியிலேயே புற்றுநோய் வந்து நிற்கும். இன்னொரு பக்கம், ஆறு மாதமாக வளர்கிற கட்டியை “வலிக்கவே இல்லையே, வெறும் நெறிதான்” என்று விட்டுவைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பயப்படுகிறவரும் சரி, அலட்சியமாக இருப்பவரும் சரி, கட்டியை மட்டுமே பார்க்கிறார்கள். அது எந்தப் பகுதிக்கான முடிச்சு என்று பார்ப்பதில்லை.

உடம்பில் சுமார் 600 நிணநீர் முடிச்சுகள் உண்டு, அவற்றில் ஒன்று வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தேங்கும் நீர்தான் நிணநீர். அது இந்த முடிச்சுகள் வழியாக வடிகட்டப்பட்டுத்தான் மறுபடி இரத்தத்தில் சேர்கிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு எல்லை உண்டு. தலைத்தோலில் பேன் கடித்துச் சொறிந்த புண் என்றால் பிடரியில் நெறி கட்டும், சொத்தைப் பல்லோ தொண்டைப் புண்ணோ என்றால் தாடைக்கடியில், கையோ மார்பகமோ என்றால் அக்குளில், காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் அரையில், அதாவது தொடை இடுக்கில். அதனால் அக்குளில் நெறி என்றால் கையையும் மார்பகத்தையும் பார்க்காமல் அக்குளை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதி வேலைதான். அந்தக் கையில் சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். 2021இல் கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு அக்குள் வீங்கி, மார்பக ஸ்கேனில் அது தெரிந்து, வீணாகப் பதறியவர்கள் ஏராளம்.

வலியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அடுத்த தவறு. தொற்றில் முடிச்சு சட்டென்று வீங்குவதால் அதன் உறை இழுபட்டு வலிக்கும், புற்று மெதுவாக வளர்வதால் பெரும்பாலும் வலிக்காது. இது பொதுவாகச் சரிதான். ஆனால் காசநோய் நெறியும் பெரும்பாலும் வலிக்காது. கழுத்தில் மாலை போட்டதுபோல வரிசையாகக் கட்டுவதால் பழைய ஆட்கள் அதற்குக் கண்டமாலை என்றே பெயர் வைத்திருந்தார்கள். வலியைவிட மற்ற நான்கைக் கவனியுங்கள்: அளவு, எத்தனை நாளாக, தொட்டால் எப்படி, எந்த இடம். 1 செ.மீ.க்கு மேல் (அரையில் 1.5 வரை சாதாரணம்), நான்கு வாரமாகியும் குறையவில்லை, கல்போலவோ ரப்பர்போலவோ இருக்கிறது, அடியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது என்றால் காட்டியே ஆக வேண்டும். காரணமில்லாத காய்ச்சல், உடுப்பை மாற்றும் அளவுக்கு ராத்திரி வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடைக் குறைவு, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இடத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் நெறி தட்டுப்பட்டால் அது பட்டாணி அளவாக இருந்தாலும் சின்னதுதானே என்று விடக்கூடாது. முக்கியமாக இடது பக்கம். வயிற்றிலிருந்து வரும் நிணநீர் மார்புக் குழாய் எனும் பெரிய நிணநீர்க் குழாய் வழியாக அங்கேதான் இரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைப் புற்று சில நேரம் அங்கே தலைகாட்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோவின் பெயரில்தான் அந்த முடிச்சை இன்றும் அழைக்கிறார்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, தினம் பத்து தடவை அழுத்திப் பார்ப்பது? வேண்டாம். அழுத்த அழுத்த அந்த இடம் கன்றிப்போய், வீக்கம் பெரிதானமாதிரி தோன்றும். நானே ஒரு முறை தாடைக்கடியில் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பியை நெறி என்று நினைத்து இரண்டு வாரம் நோண்டிக்கொண்டிருந்தேன், மறுபக்கமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறதே என்று பார்க்கத் தோன்றவே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை போதும். குழந்தைகளின் கழுத்தில் சின்னச் சின்ன நெறிகள் கைக்குத் தட்டுப்படுவது வெகு சாதாரணம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மருந்து விஷயத்தில்தான். தொற்று தெளிவாகத் தெரிந்தால் ஒரு சுற்று ஆன்டிபயாடிக் நியாயம். அது கேட்காதபோது இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றிக்கொண்டே போவது நாளைக் கடத்துவதுதான். அதிலும் லெவோஃபிளாக்சாசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கிவைத்துக் கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும். அதைவிட மோசம், காரணம் தெரியாமலே ஸ்டீராய்டு மாத்திரை போடுவது. லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றின் செல்கள் ஸ்டீராய்டுக்குச் சட்டென்று மடியும், கட்டி கரையும், எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நேரத்தில் திசு எடுத்தால் அறிக்கையில் ஒன்றும் தெளிவாக வராது. சில வாரத்தில் கட்டி திரும்பி வரும்.

இரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுவதும் இதே ரகம். லிம்போமா உள்ள பலருக்கு இரத்த எண்ணிக்கை சாதாரணமாகவே இருக்கும்.

அப்புறம், சோதிப்பதற்காகக் கட்டியிலிருந்து செல்களை எடுக்கும் ஊசி. “ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்” என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். நிணநீர் முடிச்சில் அப்படி நடப்பது மிக மிக அரிது, தள்ளிப்போடுவதால் வரும் கெடுதல்தான் நிஜம். ஆனால் மெல்லிய ஊசியில் சில செல்களே வரும். லிம்போமா சந்தேகம் என்றால் முடிச்சின் உள்ளமைப்பு தெரிய வேண்டும், அதற்கு முழு முடிச்சையோ தடித்த ஊசியில் ஒரு துண்டையோ எடுக்க வேண்டும். ஆகவே மெல்லிய ஊசியில் “ஒன்றுமில்லை” என்று வந்தும் கட்டி வளர்ந்தால் அந்தக் காகிதத்தை நம்பி உட்காராதீர்கள். அதே சமயம் புகையிலை பழக்கம் உள்ளவரின் கழுத்துக் கட்டியை முதல் வேலையாக வெட்டி எடுப்பதும் தப்பு, அங்கே வாயையும் தொண்டையையும் பார்த்துவிட்டு மெல்லிய ஊசியில்தான் தொடங்க வேண்டும். இன்னொன்று, இது அடிக்கடி கோட்டைவிடும் இடம்: எடுத்த திசு முழுவதையும் அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டை உப்புநீரில் தனியாக அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

காசநோய் என்று உறுதியாகி மாத்திரை தொடங்கிய பின் நெறி இன்னும் பெரிதாவதும் புதிதாக ஒன்று முளைப்பதும் உண்டு. செத்த கிருமிகளோடு உடம்பு காட்டும் மல்லுக்கட்டு அது. மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களாக நிறுத்திவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

புற்று என்று வந்தால், “நெறிக்குப் போய்விட்டது, அப்போ நாலாம் கட்டம்” என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கத்து முடிச்சுக்குப் பரவுவது வேறு, தொலைதூர உறுப்புக்குப் பரவுவது வேறு, கட்டம் பிரிக்கும்போது இரண்டுக்கும் தனித்தனி எழுத்தே உண்டு. மார்பகப் புற்று அக்குள் முடிச்சில் இருந்தாலும் அது மார்பகப் புற்றுதான், லிம்போமா ஆகிவிடாது. பெட் ஸ்கேனில் முடிச்சு ஒளிர்ந்தாலும் புற்று என்று அர்த்தமில்லை, காசநோயும் அப்படியே ஒளிரும்.

“எதற்கு வம்பு, எல்லா முடிச்சையும் எடுத்துவிடுங்கள்” என்பதும் பழைய நினைப்பு. இப்போது சாயமோ கதிரியக்கத் திரவமோ செலுத்தி, கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் சென்டினல் முடிச்சை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். மார்பகத்தை முழுதாக எடுக்காமல் அறுவையும் கதிர்வீச்சும் பெறும் ஆரம்பநிலை நோயாளிகளுக்கு, அப்படி எடுத்த ஒன்றிரண்டில் புற்று இருந்தாலும் மீதியை விட்டுவைப்பதால் ஆயுள் குறைவதில்லை என்று 2011இல் வெளியான Z0011 எனும் ஆய்வு காட்டியது. அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுத்தால் நிணநீர் தேங்கிக் கை வீங்கும் வாய்ப்பு கூடும். அதற்குப் பயந்து அந்தக் கையை அசைக்காமலே வைத்திருப்பது தேவையில்லாத இன்னொரு தவறு. நிணநீரைத் தள்ளிவிடத் தனி இதயம் கிடையாது, தசை அசைந்தால் அதுவும் நகரும். படிப்படியாக எடை தூக்கினால் வீக்கம் கூடுவதில்லை என்பதை 2009லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது மோதிரத்தையும் சட்டைக் கையையும்தான், முந்தாநாள் வரை தளர்வாக இருந்தது இன்று இறுகினால் கை பார்வைக்கு வீங்கும்வரை இருக்காமல் அப்போதே போய்க் காட்டுங்கள்.