சிக்னல்ல நிக்கும்போது பூ பாக்குறது எப்படி

மெட்ராஸ் வெயில திட்டாத ஆளே கெடயாது, நானும் தினம் திட்றவன்தான். ஆனா அந்த வெயில்லதான் இந்த ஊரு மரமெல்லாம் பூக்குது. நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான், தை பொறந்ததும் காய ஆரம்பிச்சிடும், நெறய மரம் இலைய கொட்டிட்டு மொட்டையா நிக்கும், அப்புறம் மாசி பங்குனி சித்திரை வைகாசின்னு ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு பூத்துட்டே போகும். இத பாக்க பார்க்குக்கும் போக வேணாம், லீவும் போட வேணாம், ஆபீஸ் போற வழியே போதும்.

மொதல் விஷயம், மேல பாக்காதீங்க. கீழ பாருங்க. வண்டில போறப்ப அண்ணாந்து பாத்தா முன்னாடி போற ஆட்டோல போய் சொருகிடுவோம், அது வேற. ஆனா தரைய பாத்தாலே எந்த மரம் பூத்திருக்குன்னு தெரிஞ்சிடும். காலைல ஆறு ஆறரைக்கு, தெரு கூட்டுறதுக்கு முன்னாடி போங்க, இல்லன்னா ராத்திரி பூரா ரோட்டோரம் நிறுத்தி வச்ச கார் கூரைய பாருங்க. பொரிய கொட்டி வச்ச மாதிரி வெள்ளையும் லேசா ஊதாவுமா கெடந்தா புங்கை (சங்கப் பாட்டுலயே புங்கம்பூவ பொரின்னுதான் சொல்லிருக்காங்க, அதுக்கு மேல நாம என்ன புதுசா உவமை தேடுறது). மஞ்சள் ஜமக்காளம் விரிச்ச மாதிரி ரோடே தெரியலன்னா இயல்வாகை. ரோஸ் கலர் பவுடர் பஃப் மாதிரி நூல் நூலா கெடந்தா தூங்குமூஞ்சி மரம். வெள்ளையா பொடிப்பொடியா, குனிஞ்சா தேன் மாதிரி ஒரு வாசம் வந்தா வேப்பம்பூ, சித்திரை ஒண்ணாம் தேதி பச்சடிக்கு போடுறதுக்குன்னே கரெக்டா பங்குனில வந்துடும்.

இதுல நமக்கு பெரிய எக்ஸ்பர்ட் யாருன்னா தெரு கூட்டுற அக்காதான். எங்க தெருவுல வர்ற அக்காகிட்ட ஒரு நாள் சும்மா, "என்னக்கா இவ்ளோ கொட்டுது"ன்னு கேட்டேன், தொடப்பத்த நிறுத்தாமயே, "இந்த மஞ்சப்பூ இன்னும் பத்து நாளு கொட்டும் தம்பி, அதுக்குள்ள அந்த கோடி வீட்டு செவப்பு ஆரம்பிச்சிரும், பூ கூட பரவால்ல, காஞ்ச காய் வுழுறதுதான் இம்சை"ன்னாங்க. அப்படியே நடந்துச்சு. அதே மாதிரி மரத்தடி இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மாருங்க, இவங்கல்லாம் நாள் முழுக்க ஒரே மரத்துக்கு கீழ இருக்குறவங்க, பேச்சு குடுத்துப் பாருங்க.

ரெண்டாவது, ஊர்ல இருக்குற எல்லா மரத்தையும் தெரிஞ்சுக்கணும்னு கெளம்பாதீங்க, ஒரு வாரத்துல அலுத்துடும். மூணு மரம் போதும். தினம் நீங்க மாட்டிக்கிற சிக்னல்ல ஒண்ணு, பஸ் ஸ்டாப்புல ஒண்ணு, மாடிலேர்ந்து தெரியறது ஒண்ணு. வாரத்துக்கு ஒரு தடவ அதே எடத்துல நின்னு ஒரு போட்டோ, அவ்ளோதான். நோட்டு போட்டு எழுதுறேன்னு ஆரம்பிச்சா நடக்காது (எங்கிட்ட அப்படி மூணு நோட்டு இருக்கு, மூணுலயும் ரெண்டு பக்கம்தான்). போன்ல தேதி தானா ஏறிடும், அடுத்த வருஷம் அதே மாசத்து போட்டோவ தேடி பக்கத்துல வச்சு பாத்தா போன தடவைக்கு இப்ப முந்தியா பிந்தியான்னு தெரிஞ்சிடும். பேரு தெரியலன்னாலும் பரவால்ல, ரொம்ப நாளைக்கு நான் ஒரு மரத்த "பேங்க் மரம்"னுதான் சொல்லிட்டிருந்தேன்.

பேருன்னு வந்தா மஞ்சள்லதான் எல்லாரும் வழுக்கி விழுவோம், நானும் விழுந்திருக்கேன். எங்க அபார்ட்மெண்ட்ல மலையாளி சேச்சி ஒருத்தங்க, விஷுவுக்கு கணி வைக்க கொன்றைப்பூ வேணும், மார்க்கெட்ல ஒரு கொத்து என்ன வெல சொல்றான்னு பொலம்பிட்டிருந்தாங்க. நான் ஹீரோ மாதிரி, எங்க ஆபீஸ் வாசல்லயே கொட்டிக்கெடக்கு சேச்சின்னு சொல்லிட்டு மறுநாள் ஒரு பை நெறய அள்ளிட்டு வந்தேன். பைய தொறந்து பாத்துட்டு சிரிச்சாங்க பாருங்க, அவங்க வீட்டு பசங்க எல்லாத்தையும் கூப்ட்டு காட்டி சிரிச்சாங்க. நான் அள்ளிட்டு வந்தது பூரா இயல்வாகை.

அதனால இத நல்லா கவனிச்சுக்கோங்க. சரக்கொன்றைக்கு பேருலயே இருக்கு சரம், பூ கீழ்ப்பக்கமா தொங்கும், கல்யாண மண்டபத்துல சீரியல் லைட்டு தொங்கவிட்ட மாதிரி, காய் நீளமா கறுப்பா உருட்டுக்கட்ட மாதிரி இருக்கும். இயல்வாகை பூங்கொத்து மேல்பக்கமா நிமிந்து நிக்கும், இதழ் கசக்கின டிஷ்யூ பேப்பர் மாதிரி சுருங்கியிருக்கும், காய் சின்னதா தட்டையா செம்பு கலர்ல இருக்கும், மரம் பூரா துரு புடிச்ச மாதிரி தெரிஞ்சா இதுதான். மூணாவது மஞ்சள் டபேபுயா, மாசி பங்குனிலயே வந்துடும், பூ ஒவ்வொண்ணும் குட்டி ஸ்பீக்கர் குழாய் மாதிரி, பூக்குறப்ப மரத்துல இலை பெருசா இருக்காது. இதுலயே ரோஸ் கலரும் இருக்கு, பெங்களூர்ல அதுக்குன்னே ஊரே போட்டோ எடுக்க கெளம்பும், நம்ம ஊர்ல அங்கங்க ஒண்ணு ரெண்டுதான்.

செவப்பு பிரச்சனையில்ல. சித்திரை கடைசி, வைகாசில ஊரே தீப்புடிச்ச மாதிரி நின்னா மயில்கொன்றை, குல்மோஹர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். மடகாஸ்கர்லேர்ந்து வந்த மரம்னு யாராவது சொன்னாதான் ஞாபகம் வரும், அவ்ளோ நம்ம ஊரா ஆயிடுச்சு. கீழ விழுந்த பூ ஒண்ணு எடுத்து பிரிச்சுப் பாருங்க, அஞ்சு இதழ்ல ஒண்ணு மட்டும் வெள்ளையா, மஞ்சளும் செவப்புமா கோடு போட்டு இருக்கும். சின்ன வயசுல அதுக்குள்ள இருக்குற குச்சிய எடுத்து தலையோட தல மாட்டி இழுத்து சண்ட போடுவோம், யாரு தல பிச்சுக்குதோ அவன் அவுட்டு. 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்ப மயில்கொன்றையும் இயல்வாகையும் வேரோட நெறய சாஞ்சிடுச்சு, அதனால பழைய ஆளுங்க யாராவது இந்த தெருவுல நெறய இருக்கும்னு சொன்னா நம்பிப் போய் ஏமாறாதீங்க, ஒரு தடவ நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மேல பாத்தே ஆகணும்னா பறக்கும் ரயில்ல ஏறுங்க. கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் அந்த பக்கமெல்லாம் ட்ராக் ஒசரத்துல போகும், கீழேர்ந்து பச்சையா மட்டும் தெரியற மரத்தோட உச்சி ஜன்னலுக்கு நேரா வரும், பூவெல்லாம் அங்கதான் இருக்கும். ஏப்ரல் மே காலைல, சீட்ட விட்டுட்டு கதவு பக்கத்து ஜன்னல் ஓரமா நில்லுங்க.

கோயிலுக்கு போறவங்களா இருந்தா இன்னும் ஈசி. மயிலாப்பூர் கபாலி கோயில்ல தல மரம் புன்னை, வெள்ளைப்பூ நடுவுல மஞ்சள் கத்தை. திருவொற்றியூர்ல மகிழம். மகிழம்பூ சட்டை பட்டன் அளவுதான், மரத்துல இருந்தா கண்ணுக்கே தெரியாது, வாசத்த வச்சு நின்னு கீழ தேடணும், காஞ்சு பிரவுனா போனாலும் வாசம் போகாது, பர்ஸ்ல நாலு போட்டு வைங்க. ரோட்டோரம் பூவரசு இருந்தா ஒரே மரத்த காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ பாருங்க, மஞ்சளா பூத்தது பொழுது சாயறதுக்குள்ள செவந்துடும்.

போன் ஆப்ப நம்பலாமான்னா, பாதி நம்பலாம். பூவ மட்டும் காட்டினா ஒளறும், பூ இலை காய் மூணையும் ஒரே போட்டோல வச்சு குடுத்தா ஓரளவு சரியா சொல்லும்.

வெயில் காலம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சிடாதீங்க, மழையோட வர்ற மரமல்லி இருக்கு. ஐப்பசி கார்த்திகைல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல கண்ண விட மூக்குதான் வேல செய்யும், வண்டில போறப்ப திடீர்னு ஒரு வாசம் வந்து போச்சுன்னா ஓரங்கட்டிட்டு பத்தடி திரும்பி நடங்க, நெட்டையா, வெடிப்பு வெடிப்பா பட்டையோட நிக்கும். காலைல போனா அடியில பூரா வெள்ளைப்பூ, காம்பு மட்டும் விரல் நீளத்துக்கு குழாய் மாதிரி இருக்கும். அத கட்ட நாரும் வேணாம் நூலும் வேணாம், காம்ப காம்போட சடை பின்ற மாதிரி மூணு மூணா பின்னிட்டே போகலாம், எங்க பாட்டி பஸ் வர்றதுக்குள்ள ஒரு முழம் பின்னிடுவாங்க, எனக்கு இன்னும் நாலாவது பூவுலயே அவுந்துடுது.