சும்மா துடித்தால் போதுமா? கரண்ட் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், அன்றுதான் மாவுக்கட்டு பிரித்த ஒரு காலுக்கு, தசைக்குப் பலம் ஏற்றக் கரண்ட் வைத்தான். தொடையில் கரண்ட் பாய்ச்சும் பேட் இரண்டை ஒட்டினான், டயலைத் திருகினான், சதை லேசாகத் துடித்ததும் கையை எடுத்துவிட்டான். அப்புறம் 15 நிமிஷம் அவன் போனில், நோயாளி அவர் போனில். மிஷின் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படியே உட்கார்ந்திருந்தவள்தான். அப்போது கையில் போனுக்குப் பதில் வாரப் பத்திரிகை.

பேஸ்மேக்கர் இருந்தால் வைக்காதே, கழுத்தின் முன்பக்கம் வைக்காதே, ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த காலில் வைக்காதே என்பதெல்லாம் மிஷினோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதில் இல்லாதவற்றுக்கு வருகிறேன்.

துடிப்பைப் பார்த்ததும் டயலை விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான்.

என் முதல் வருஷத்தில் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடை வரைக்கும் 8 வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது தொடை சூம்பிப்போயிருந்தது. முழங்கால் சிப்பிக்கு மேலே 15 செ.மீ. தள்ளி டேப் வைத்து அளந்தால் நல்ல காலை விட 4 செ.மீ. குறைவு. தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். மூன்று வாரத்தில் 18 சிட்டிங் வைத்தேன். மறுபடி அளந்தால் அதே 4 செ.மீ. "என்னம்மா, டெய்லர் மாதிரி அளவு மட்டும் எடுக்கீங்க, சட்டை தைக்கவே மாட்டேங்கீங்களே" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

அன்று எங்கள் சீனியர் அந்தப் பக்கம் வந்தார். கரண்ட் ஓடும்போது கண்டக்டரின் தொடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, கொசு விரட்டுறியா?" என்று கேட்டார். நான் 20 மில்லிஆம்பியரைத் தாண்டியதே இல்லை. அவர் கண்டக்டரிடம் பேச்சுக் கொடுத்தபடியே ஒவ்வொரு படியாக ஏற்றினார். 50-ஐத் தாண்டியதும் சிப்பி மேலே ஏறி நின்றது, தொடை கல்லாக இறுகியது, கட்டியிருந்த பெல்ட்டைக் கணுக்கால் இழுத்தது. "யம்மா, இப்பத்தான் கால் என் காலு மாதிரி இருக்கு" என்றார் கண்டக்டர். அந்த 18 நாள் பஸ் கட்டணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

முழங்கால் அடிபட்டோ வீங்கியோ இருந்தால், தொடையின் முன்தசைக்கு மூளையிலிருந்து போகும் உத்தரவு பாதியிலேயே அமுங்கிவிடுகிறது. ஆள் எவ்வளவு முக்கினாலும் தசை முழுசாக இறுகாது. அந்தக் குறையை நிரப்பத்தான் நாம் நரம்பைக் கரண்டால் நேரடியாகத் தூண்டுகிறோம். ஆனால் தசை வளருவது கரண்ட் பாய்ந்ததற்காக அல்ல, எவ்வளவு பலமாக இறுகியது என்பதற்காக. வெறும் துடிப்பு அதற்கு ஒரு சுமையே இல்லை. அமெரிக்காவில் லின் ஸ்னைடர்-மேக்லர் குழு முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்களிடம் செய்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில், பலமான கரண்ட் வாங்கியவர்களின் தொடை நல்ல காலின் பலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் 57. மெல்லிய கரண்ட் வாங்கியவர்கள் 51. வைக்காமலே இருந்திருக்கலாம்!

நான் இப்போது வைப்பது இப்படி: 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 கரண்ட் அலை), அலை ஒவ்வொன்றும் 300 முதல் 400 மைக்ரோசெகண்ட் நீளம், பெரிய பேட், 10 விநாடி இறுக்கம், 50 விநாடி ஓய்வு. இப்படி 10 முதல் 15 இறுக்கம். நோயாளி நாற்காலியில், முழங்கால் 60 டிகிரி மடங்கி, கணுக்கால் பெல்ட்டில். இறுக்கத்தின்போது என் கை தொடையில் இருக்கும். இரண்டு மூன்று இறுக்கத்துக்கு ஒருமுறை உடம்பு பழகிவிடும், டயல் ஒரு படி ஏறும். முதல் நாளே உச்சத்துக்குப் போவதில்லை, மூன்று நான்கு நாளில் ஏற்றுகிறேன்.

"வலிக்குதா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், நமக்கும் டயலை இறக்க ஒரு சாக்கு. "இன்னும் ஒரு படி தாங்குமா?" என்று கேளுங்கள்.

ஓய்வு நேரத்தை வெட்டுவது

கூட்டம் அதிகம் என்று 50 விநாடியை 10 ஆக்குகிறார்கள். மூளை தசை நார்களை ஷிஃப்ட் போட்டு மாற்றி மாற்றி வேலை வாங்கும். கரண்டுக்கு அந்த நாகரிகம் கிடையாது, பேடுக்கு அடியில் இருக்கும் அதே நார்களையே ஒவ்வொரு முறையும் எழுப்பும். அவை சீக்கிரம் களைத்துவிடும். பாதி சிட்டிங்குக்கு மேல் வெறும் துடிப்புதான் மிச்சம். 10/50 கணக்கு 1970-களில் சோவியத் நாட்டு யாகோவ் கோட்ஸ் விளையாட்டு வீரர்களுக்கு வகுத்தது. மிஷினில் பார்க்கும் 'ரஷ்யன் கரண்ட்' என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

எண்ணெய்க் கால்

வீட்டில் அம்மாவோ மனைவியோ தைலம் தேய்த்துத்தான் அனுப்புவார்கள். எண்ணெய் கரண்டை விடாது, விடுகிற இடத்தில் ஊசியாய்க் குத்தும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு பேடைத் தொடுங்கள்.

ஒட்டாத பேடைத் தண்ணீர் தொட்டு ஒட்டுவது

தூக்கிப் போடுங்கள்.

டென்ஸ் மிஷினில் தொடை வளர்ப்பது

வளராது. அது வலியைக் குறைக்கும் மிஷின்.

நோயாளியைச் சும்மா படுக்க வைப்பது

2014-ல் நெதர்லாந்தில் இளைஞர்களின் ஒரு காலை 5 நாள் அசையாமல் கட்டிவைத்துப் பார்த்தார்கள். கரண்ட் வைத்தவர்களுக்குத் தசையின் பருமன் குறையவில்லை. ஆனால் பலம் குறைந்தது. பலத்தில் ஒரு பங்கு, நரம்பு ஏவுகிற பழக்கம். அதனால் கரண்ட் ஏறும்போது "நீங்களும் சேர்ந்து நீட்டுங்க அண்ணாச்சி" என்று சொல்வேன். சொன்னால்தான் செய்வார்கள்.

நரம்பே போன தசைக்கு அதே கரண்ட்

காலில் நரம்பு அறுந்து பாதம் தொங்குகிறவருக்கு மைக்ரோசெகண்ட் கரண்டை எவ்வளவு ஏற்றினாலும் அந்தத் தசை அசையாது. நேராகத் தசையையே எழுப்ப, கரண்ட் அலை ஒவ்வொன்றும் பத்து, நூறு மில்லிசெகண்ட் கணக்கில், அதாவது பல மடங்கு நீளமாக வேண்டும். இது தெரியாமல் டயலை ஏற்றிக்கொண்டே போய் தோல் சிவந்த காலை நான் பார்த்திருக்கிறேன்.

ஜிம்மில் முதல் நாளே உடம்பு முழுக்கக் கரண்ட்

மறுநாள் சிறுநீர் கறுத்துப் போனால், அது உடைந்த தசை சிறுநீரகத்துக்கு வந்து சேர்ந்த நிறம். உடனே ஆஸ்பத்திரி.

சர்க்கரைக்காரரிடமும் அதே கேள்வி

மேலே "இன்னும் தாங்குமா?" என்று கேட்கச் சொன்னேனே, அது இவர்களிடம் செல்லாது. "வைம்மா, வைம்மா, ஒண்ணும் தெரியல" என்பார்கள். தோல் மரத்துப்போய்த் தெரியாததுதான் பிரச்சினை. பேட் ஒட்டுமுன் கண்ணை மூடச் சொல்லி, அந்த இடத்தில் பஞ்சு ஒருமுறை, குண்டூசியின் முனை ஒருமுறை. இரண்டையும் மாற்றிச் சொன்னால் அங்கே பேட் வேண்டாம். போன வாரப் பையனிடம் அன்று இதைத்தான் முதலில் செய்து காட்டினேன். மாவுக்கட்டு பிரித்தவருக்குச் சர்க்கரை 12 வருஷமாம், அவன் கேட்கவே இல்லை.