கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட்ட பல் கூசுகிறதா?

பல் கூச்சத்துக்கான பற்பசையால் இரவில் துலக்கியதும் நுரையை மட்டும் துப்பிவிடுங்கள். தண்ணீர் விட்டு வாய் கொப்பளிக்க வேண்டாம். அதே பசையைத் துளியளவு விரல்நுனியில் எடுத்து, கேப்பும் ஈறும் சேரும் ஓரத்தில் மெதுவாகத் தடவிவிட்டுப் படுங்கள்.

கூசுவது கேப் அல்ல. அதனடியில் செதுக்கப்பட்ட உயிருள்ள பல்லும், ஈறோரம் வெளியே தெரியும் வேர்ப்பகுதியும்தான். பல கூச்சப் பசைகளில் உள்ள பொட்டாசியம் நைட்ரேட் பல் நரம்பை மெல்ல அமைதிப்படுத்தும். கொப்பளித்தால் அதுவும் ஃப்ளோரைடும் சேர்ந்து கழுவிப் போய்விடும். ஒரே இரவில் பலன் தெரியாது, 2 முதல் 4 வாரங்கள் வரை ஆகலாம். வெண்மையாக்கும் பசைகளை அதுவரை ஒதுக்கிவையுங்கள்.

கடிக்கும்போது வலித்தால் இந்த வழி உதவாது. கேப் சற்று உயரமாக இருக்கலாம். மருத்துவர் சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சூடு பட்டபின் வலி நீடித்தாலோ, தானாகவே விண்விண்ணென்று தெறித்தாலோ, ஈறு வீங்கினாலோ உடனே காட்டிவிடுங்கள். வேர் சிகிச்சையில் (ரூட் கெனால்) நரம்பை நீக்கிவிட்டுக் கேப் போட்ட பல் குளிருக்குக் கூசுவதாகத் தோன்றினால், பெரும்பாலும் பக்கத்துப் பல்லைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.