இன்சுலின் டோஸ் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லையா? வயிற்றைத் தடவிப் பாருங்கள்

டைப் 1 சர்க்கரை (தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய வகை) உள்ள பதின்வயதுப் பிள்ளையிடம் அம்மா எதிரிலேயே “ஊசியை விட்டுட்டியா?” என்றால் “இல்லை” என்றுதான் பதில் வரும். நான் முதலில் அனுமதி கேட்டு, திரையை இழுத்துவிட்டு, தொப்புளைச் சுற்றி விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். ரப்பர் போலக் கட்டி தட்டுப்பட்டால் ஒரே இடத்தில் குத்துகிறார்கள் என்று அர்த்தம். அங்கே வலி குறைவு, ஆனால் இன்சுலின் சீராக ஏறாது.

இடம் மாற்றுமுன் டாக்டரிடம் டோஸைக் குறைப்பது பற்றிப் பேசியே ஆக வேண்டும். பழைய அளவே நல்ல இடத்தில் போனால் சர்க்கரை தடாலென இறங்கிவிடும். குத்துக்குக் குத்து 1 செ.மீ. இடைவெளி, ஒவ்வொரு தடவையும் புது 4 மி.மீ. நீள ஊசி.

பிறகு அம்மாவைப் பத்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “ஸ்கூல்ல மதிய ஊசி எங்கப்பா போடுற?” என்று கேட்பேன். உயிருக்கு ஆபத்தானதை மட்டும் வீட்டில் சொல்வேன் என்பதையும் முன்பே சொல்லிவிடுவேன்.